12 மெகாஹெர்ட்ஸில் ஒரு தேடல் எந்திரம்: எஃப்பிஜிஏ ஆய்வைக் கையால் செய்து பழகும் வழி

எஃப்பிஜிஏ என்பது உள்ளே இருக்கும் சுற்றை நாமே வேண்டியபடி மாற்றியமைக்கக்கூடிய சில்லு. அதில் ஆய்வு செய்ய இறங்கும் பலர் முதலில் அந்தச் சில்லு உள்ள பலகையை வாங்கிவிடுகிறார்கள். அதை வைத்து என்ன செய்வது என்று அப்புறம் யோசிக்கிறார்கள். இங்கே வரிசையை மாற்றிப் போடுவோம். ஒரு சின்னக் கணக்கை எடுத்துக்கொண்டு, தாளில் தொடங்கி, சில்லுக்குள் ஏற்றி, நேர்மையாக அளந்து, அது ஓர் ஆய்வுக் கேள்வியாக மாறும் இடம் வரை போகலாம். உங்களுக்கு சி மொழி தெரியும், வெரிலாக் (வன்பொருளை விவரிக்கும் மொழி) ஓரளவு படிக்க வரும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஒரு பகுதி நிலையாகவும் மறுபகுதி வேலைக்கேற்ப மாறக்கூடியதாகவும் இருக்கும் கணினியை 1960-லேயே கலிபோர்னியாவில், யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் எஸ்ட்ரின் முன்வைத்தார். அதற்கு ஏற்ற சில்லு வரக் கால் நூற்றாண்டு ஆனது. 1985-இல் சைலிங்ஸ் நிறுவனம் எக்ஸ்சி2064 என்ற எஃப்பிஜிஏவை வெளியிட்டது. அதில் இருந்தவை வெறும் 64 தர்க்கத் தொகுதிகள். இன்றைக்கும் அடிப்படை அதேதான்: சின்னச் சின்ன லுக்-அப் டேபிள்கள் (சுருக்கமாக லட்), அவற்றின் பக்கத்தில் ஆளுக்கொரு பிட்டைப் பிடித்துவைக்கும் ஃபிளிப்-ஃபிளாப்கள், எல்லாவற்றையும் இணைக்க மாற்றியமைக்கக்கூடிய கம்பிகள். நான்கு உள்ளீடு கொண்ட லட் என்பது 16 பிட் நினைவகம், அவ்வளவுதான். அந்த 16 பிட்டில் எதை எழுதுகிறோமோ அந்தத் தர்க்கமாக அது நடந்துகொள்ளும்.

இந்த வசதிக்கு விலை உண்டு, அது பெரிய விலை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் இயன் குவோனும் ஜோனதன் ரோஸும் 2007-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், லட்டும் ஃபிளிப்-ஃபிளாப்பும் மட்டும் வைத்துக் கட்டிய சுற்று, அதே வேலைக்கென்றே வார்க்கப்பட்ட சில்லைவிடச் சுமார் 35 மடங்கு இடத்தையும் சுமார் 14 மடங்கு இயக்க மின்சக்தியையும் எடுத்தது. வேகமும் மூன்று நான்கு மடங்கு குறைந்தது. இத்தனை சுமையோடு ஓடும் எஃப்பிஜிஏ ஒரு சாதாரண செயலியை எப்படி முந்துகிறது? பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்வதால், தேவையான அகலத்துக்கு மட்டும் சுற்று கட்டுவதால் என்று பதில் சொல்வார்கள். இரண்டும் சரிதான். ஆனால் என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறு: நினைவகத்திலிருந்து ஒருமுறை எடுத்த தரவை எத்தனை முறை பயன்படுத்துகிறோம் என்பது. கீழே வரும் கணக்கு முழுக்க அதைத்தான் சுற்றிவருகிறது.

படி 1: கணக்கைத் தேர்ந்தெடுப்பது

ரோபோ ஒன்று கேமராவில் பார்க்கும் காட்சியை ஏற்கெனவே பார்த்த காட்சிகளோடு ஒப்பிட்டுத் தான் இருக்கும் இடத்தை அறிய வேண்டும். 2011-இல் வந்த ஓஆர்பி என்ற முறை, படத்தின் ஒவ்வொரு குறிப்பிடத்தக்க புள்ளியையும் 256 பிட் அடையாளமாக மாற்றுகிறது. இரண்டு அடையாளங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க, எத்தனை பிட்டுகள் வேறுபடுகின்றன என்று எண்ணினால் போதும். இதற்கு ஹாமிங் தூரம் என்று பெயர். எக்ஸ்ஆர் (XOR, பிட்டுகள் வேறுபடும் இடத்தில் 1 தரும் செயல்) போடு, ஒன்றுகளை எண்ணு, ஆகக் குறைந்த எண்ணிக்கை உள்ளதைத் தேர்ந்தெடு.

தொடக்க ஆய்வுக்கு இது தோதான கணக்கு. பெருக்கல் இல்லை, தசமப் புள்ளி இல்லை, தரவு வரிசையாக ஓடிவருகிறது. விடை சரியா தவறா என்பதிலும் சந்தேகமே இருக்காது. நரம்பியல் வலைப்பின்னலில் தொடங்கலாமே என்று ஆசையாக இருக்கும். அதில் துல்லியம், பயிற்சி, எண்வடிவம் என்று நாலு பக்கமும் இழுக்கும்; வன்பொருளைப் பற்றி யோசிக்க நேரமே இருக்காது.

படி 2: சில்லின் எல்லைகளைத் தெரிந்துகொள்வது

நான் பரிந்துரைப்பது லேட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 யூபி5கே. ஐஸ்பிரேக்கர் போன்ற சிறு பலகைகளில் கிடைக்கிறது. இதை ஓட்ட முழுக்கத் திறந்தமூல மென்பொருளே போதும் என்பது முதல் காரணம். ரொம்பச் சின்ன சில்லு என்பது இரண்டாவது. சின்ன சில்லில் ஒவ்வொரு முடிவுக்கும் விலை கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் கற்பதும் அதிகம்.

உள்ளே 5,280 லட்டுகள், ஒவ்வொன்றோடும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப். 4 கிலோபிட் அளவில் 30 சிறு நினைவகத் தொகுதிகள். இவை தவிர, எஸ்பிராம் எனப்படும் நான்கு பெரிய நினைவகங்கள். ஒவ்வொன்றும் 256 கிலோபிட், 16 பிட் அகலம். நான்கும் சேர்ந்தால் 128 கிலோபைட். ஓர் அடையாளத்துக்கு 32 பைட் என்றால் மிகச்சரியாக 4,096 அடையாளங்கள் அடங்கும்.

எஸ்பிராம் பற்றி இரண்டு செய்திகளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரே வாசல்தான்; ஒரு கிளாக் சுற்றில் (கிளாக்கின் ஒரு துடிப்பில்; கீழே கணக்குகளில் ‘சுற்று’ என்பது இதுதான்) படிக்கலாம் அல்லது எழுதலாம், இரண்டும் முடியாது. அடுத்தது, பிட்ஸ்ட்ரீம் (சில்லின் சுற்றை அமைக்க ஏற்றும் கோப்பு) வழியாக அதில் தொடக்க மதிப்புகளை நிரப்ப முடியாது. மின்சாரம் வந்தபின் வெளியிலிருந்து ஏற்றித்தான் ஆக வேண்டும்.

படி 3: தாளில் கணக்கு

வெரிலாக் கோப்பைத் திறக்கும் முன் இதைச் செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

நான்கு எஸ்பிராம்களையும் பக்கம் பக்கமாக வைத்தால் ஒரு சுற்றில் 64 பிட் கிடைக்கும். ஓர் அடையாளம் 256 பிட், ஆக 4 சுற்று. 4,096 அடையாளங்களுக்கு 16,384 சுற்று. பலகையின் 12 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் இது 1.37 மில்லிவினாடி.

இனி தரவை உள்ளே கொண்டுவரும் செலவு. எஸ்பிஐ (சில்லுக்குப் பிட்டுகளை வரிசையாக அனுப்பும் ஒரு வகை இணைப்பு) 12 மெகாஹெர்ட்ஸில், சுற்றுக்கு ஒரு பிட் என்று ஓடினால், 128 கிலோபைட்டை ஏற்ற 87 மில்லிவினாடி ஆகும். தேடுவதற்கு ஆவதைப்போல் 64 மடங்கு! வழக்கமான 115200 வேக சீரியல் இணைப்பில் ஏற்றினால் 11 வினாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு கேள்வியை, அதாவது தேட வேண்டிய அடையாளத்தின் 256 பிட்டை மட்டும், அனுப்ப எஸ்பிஐயில் 21 மைக்ரோவினாடி போதும்.

ஆக, எந்தச் சூழலில் இந்தக் கருவிக்குப் பயன் என்பது தாளிலேயே முடிவாகிவிட்டது. தரவுத்தளம் (ஏற்றிவைத்த அடையாளங்கள்) மாறாமல் இருந்து, கேள்விகள் வந்துகொண்டே இருந்தால் பயன் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் தரவுத்தளம் மாறினால் இதைக் கட்டவே வேண்டாம். எத்தனையோ திட்டங்கள் கடைசி மாதத்தில் கண்டுபிடிக்கும் உண்மை இது. பத்து நிமிடப் பெருக்கல் வகுத்தலில் முதல் நாளே கிடைத்திருக்கும்.

படி 4: எதிராளியைத் தேர்ந்தெடுப்பது

இப்போது ஒரு மேசைக் கணினியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் செயலியில் 64 பிட்டில் உள்ள ஒன்றுகளை எண்ணத் தனிக் கட்டளையே இருக்கிறது. சுற்றுக்கு ஒன்று வீதம் 3 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் 16,384 எண்ணல்களும் 5.5 மைக்ரோவினாடியில் முடிந்துவிடும். 128 கிலோபைட் அதன் கேஷிலேயே அடங்கிவிடும். நம் சில்லைவிட 250 மடங்கு வேகம்.

இங்கே சிலர் என்ன செய்வார்கள் தெரியுமா? பைதானில் மெதுவாக ஓடும் ஒரு நிரலை எழுதி, அதோடு ஒப்பிட்டு, நூறு மடங்கு வேகம் என்று கட்டுரை எழுதிவிடுவார்கள். மதிப்பாய்வாளர்கள் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள். ஓரிரு வாட் மின்சாரத்தில் இயங்கும் ரோபோவில் மேசைக் கணினி இருக்கப்போவதில்லை என்பதுதான் உண்மையான வாதம். அந்த ரோபோவில் நம் சில்லின் இடத்தில் இருக்கக்கூடியது ஒரு மைக்ரோகன்ட்ரோலர். எனவே எதிராளியாக ராஸ்பெர்ரி பை பிக்கோவை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஆர்பி2040 சில்லில் 133 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கார்டெக்ஸ் எம்0 பிளஸ் கோர்கள், 264 கிலோபைட் ரேம். நம் தரவுத்தளம் அப்படியே அடங்கும்.

அந்தக் கோரில் ஒன்றுகளை எண்ணும் கட்டளை கிடையாது. நகர்த்தி, மறைத்து, கூட்டித்தான் எண்ண வேண்டும். 32 பிட் சொல் ஒன்றுக்குப் படிப்பது, எக்ஸ்ஆர், எண்ணுவது எல்லாம் சேர்த்துச் சுமார் 20 சுற்று என்று வையுங்கள். ஓர் அடையாளத்துக்கு 160, மொத்தம் ஏறத்தாழ 6,55,000 சுற்று, அதாவது 4.9 மில்லிவினாடி. இரண்டு கோரையும் பயன்படுத்தினால் 2.5.

எதிராளிக்கும் நம் முழுத் திறமையைச் செலவிட வேண்டும். ஏழு சொற்களைத் தனித்தனியே எண்ணாமல், பிட்வாரியாகக் கூட்டி ஒன்று, இரண்டு, நான்கு என்ற மூன்று எடைச் சொற்களாகச் சுருக்கிவிட்டு அவற்றை மட்டும் எண்ணும் உத்தி உண்டு. அதைச் செய்தால் அடையாளத்துக்குச் சுமார் 100 சுற்றாகக் குறையும். இரண்டு கோருக்கு 1.5 மில்லிவினாடி. நம் எஃப்பிஜிஏ 1.37. கிட்டத்தட்ட சமம்! இத்தனை பாடுபட்டு வன்பொருள் கட்டி, நூறு ரூபாய் சில்லோடு சமநிலையா என்று தோன்றும். தோன்ற வேண்டும். அப்போதுதான் அடுத்த படியின் அருமை தெரியும்.

படி 5: எடுத்த தரவை எட்டு முறை பயன்படுத்து

நம் வன்பொருளின் வேகத்தைக் கட்டிப்போடுவது எது? எஸ்பிராமிலிருந்து சுற்றுக்கு 64 பிட் மட்டுமே வருகிறது என்பது. எண்ணும் தர்க்கமோ சில நூறு லட்டுகளில் முடிந்துவிடும். 5,280-இல் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது.

அப்படியானால், வரும் 64 பிட்டை ஒரே கேள்வியோடு மட்டும் ஏன் ஒப்பிட வேண்டும்? ஒரு கேமராப் படத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் இருக்கின்றன, கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. கேள்வி ஒன்றுக்கு, அதைத் தாங்க 256 ஃபிளிப்-ஃபிளாப், எக்ஸ்ஆர் 64, ஒன்றுகளைக் கிளை கிளையாகக் கூட்டி எண்ணும் மரம் 100 முதல் 150, மீதி சில்லறை என்று சுமார் 500 லட்டுகள் பிடிக்கும். எட்டுக் கேள்விகளுக்கு 4,000. சில்லில் அடங்கும், ஆனால் நெருக்கியடித்து.

இப்போது அதே 1.37 மில்லிவினாடியில் எட்டு விடைகள். எட்டுக் கேள்விகளை உள்ளே அனுப்பும் 0.17-ஐயும் சேர்த்தால் கேள்விக்கு 0.19 மில்லிவினாடி. நன்றாக எழுதப்பட்ட பிக்கோ நிரலைவிட எட்டு மடங்கு வேகம், அதுவும் பதினொன்றில் ஒரு பங்கு கிளாக்கில். பிக்கோவும் இதே உத்தியைச் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், பலன் சொற்பம். அதன் நேரம் போவது எண்ணுவதில், படிப்பதில் இல்லை. நம்மைக் கட்டிப்போடுவது நினைவகம், பிக்கோவைக் கட்டிப்போடுவது கணக்கிடும் வேலை. ஒரே கணக்கு இரண்டு எந்திரங்களில் இரண்டு வெவ்வேறு இடங்களில் முட்டுகிறது என்பதை உங்கள் அறிக்கையில் விளக்கினால், வெறும் எட்டு மடங்கு என்ற எண்ணைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

அடுத்த எட்டுக் கேள்விகளை இந்தத் தேடல் நடக்கும்போதே உள்ளே வாங்கி வைத்தால் அந்த 0.17-உம் மறையுமே? அதற்கு இன்னொரு 2,048 ஃபிளிப்-ஃபிளாப் வேண்டும். இடம் இல்லை. சின்ன சில்லின் பாடம் இப்படித்தான் வரும்.

படி 6: வெரிலாக்கில் எழுதுவது

மூன்று கட்டப் பைப்லைன் (ஒரு கட்டம் முடித்ததை அடுத்தது வாங்கிக்கொள்ள, எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் ஓடும் வரிசை) போதும். முதல் கட்டத்தில் எக்ஸ்ஆர், இரண்டாவதில் 64 பிட்டை எண்ணும் கூட்டல் மரம், மூன்றாவதில் நான்கு பகுதிகளையும் கூட்டி இதுவரை கண்ட குறைந்தபட்சத்தோடு ஒப்பிடுவது. இவற்றுக்கு முன்னால், எஸ்பிராமைப் படிப்பதில் ஒரு சுற்று தாமதம் இருப்பதை மறக்க வேண்டாம். முகவரி கொடுத்த அடுத்த சுற்றில்தான் தரவு வரும்.

கேள்வியின் 256 பிட்டிலிருந்து நான்கில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்க மல்டிபிளெக்சர் வைத்தால், கேள்விக்கு 128 லட்டு வீணாகும். அதற்குப் பதிலாக, கேள்வியைத் தாங்கும் ரெஜிஸ்டரையே (ஃபிளிப்-ஃபிளாப் வரிசையையே) ஒவ்வொரு சுற்றிலும் 64 பிட் சுழற்றுங்கள். நாலு சுற்றில் அது பழைய நிலைக்கு வந்துவிடும், மல்டிபிளெக்சரே தேவையில்லை.

தூரத்தின் அகலம் 9 பிட். 8 என்று எழுதத்தான் கை போகும். ஆனால் தூரம் 0 முதல் 256 வரை போகும், 256 மதிப்பு 8 பிட்டில் சுழன்று 0 ஆகிவிடும். முற்றிலும் எதிரான அடையாளம் முற்றிலும் பொருந்தியதாக விடையில் வந்து நிற்கும்.

வெரிலாக்கை லட்டுகளாக மாற்றும் மென்பொருள் எஸ்பிராமைத் தானாகக் கண்டுபிடிக்கும் என்று நம்பாமல், அதன் மூலத் தொகுதியைப் பெயர் சொல்லி நேரடியாக அழையுங்கள். எதிர்பாராத திருப்பங்கள் குறையும்.

படி 7: சிமுலேஷன்

சி மொழியில் பத்து வரியில் ஒரு சரிபார்ப்பு நிரல் எழுதி, வெரிலேட்டர் (வெரிலாக்கைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) மூலம் உங்கள் வன்பொருளோடு ஒன்றாக ஓட்டுங்கள். தற்செயலான தரவு மட்டும் போதாது. 256 பிட் தற்செயலான அடையாளங்களுக்கு இடையேயான தூரம் 128-ஐ ஒட்டியே இருக்கும். ஓரங்கள் சோதிக்கப்படவே மாட்டா. எல்லாம் பூஜ்யம், எல்லாம் ஒன்று, முதல் அடையாளமே விடை, கடைசி அடையாளமே விடை, இரண்டு அடையாளங்கள் சமதூரம் ஆகியவற்றைக் கையால் சேர்க்க வேண்டும். சமதூரத்தில் எது வெல்லும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் வன்பொருளும் மென்பொருளும் ஆளுக்கொரு விடை சொல்லும்.

படி 8: சில்லுக்குள் ஏற்றுவது

லேட்டிஸ் ஐஸ்40-இன் பிட்ஸ்ட்ரீம் அமைப்பை நிறுவனம் வெளியிடவில்லை. ஐஸ்ஸ்டார்ம் திட்டம் 2015-இல் அதை வெளியிலிருந்தே ஆராய்ந்து அவிழ்த்தது. அதன் மேல் வளர்ந்ததுதான் இன்றைய கருவி வரிசை: வெரிலாக்கை லட்டுகளாக மாற்ற யோசிஸ், அவற்றை இடத்தில் வைத்துக் கம்பி இழுக்க நெக்ஸ்ட்பிஎன்ஆர், பிட்ஸ்ட்ரீமாகக் கட்ட ஐஸ்பேக், பலகைக்கு அனுப்ப ஐஸ்ப்ராக். எல்லாம் ஒரே தொகுப்பாக ஓஎஸ்எஸ் கேட் சூட்டில் கிடைக்கிறது. தரவிறக்கி விரித்தால் போதும்.

நெக்ஸ்ட்பிஎன்ஆர் கடைசியில் சொல்லும் அதிகபட்ச அதிர்வெண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். இடம் பிரிக்கும் வேலை ஒரு தற்செயல் விதையில் (தொடக்க எண்ணில்) தொடங்குகிறது. விதையை மாற்றினால் எண்ணும் மாறும், அதிலும் சில்லு நிரம்பியிருக்கும்போது நன்றாகவே மாறும். இருபது விதைகளில் ஓட்டி, நடுமதிப்பையும் ஆகக் குறைந்ததையும் ஆக அதிகத்தையும் எழுதுங்கள். ஒரு மாற்றத்தால் 5 சதவீதம் கூடியது என்று சொல்லும் முன், விதை மாற்றத்தால் மட்டும் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

படி 9: அளப்பது

நேரத்தை வெளியிலிருந்து அளக்க வேண்டும். முதல் கேள்வியின் முதல் பிட் உள்ளே போவதிலிருந்து கடைசி விடையின் கடைசி பிட் வெளியே வருவது வரை. உள்ளே எண்ணிய சுற்றுகளை மட்டும் காட்டினால் பாதிக் கதைதான்.

மின்சக்தி இன்னும் சிக்கல். யூஎஸ்பி கம்பியில் மீட்டர் வைத்தால் யூஎஸ்பி சில்லு, விளக்குகள், மின்னழுத்தச் சீராக்கி எல்லாம் சேர்ந்து வரும். நம் சில்லு அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். முடிந்தால் சில்லுக்குப் போகும் மின்பாதையில் ஒரு சிறு மின்தடையைப் போட்டு அங்கே அளக்கலாம். அதே முறையைப் பிக்கோவிலும் செய்ய வேண்டும். முடியாவிட்டால் இரண்டு பக்கமும் முழுப் பலகையை அளந்து, அப்படி அளந்ததாகவே சொல்லிவிடுங்கள். ஒருபக்கம் சில்லு, மறுபக்கம் பலகை என்று ஒப்பிட்டால் மதிப்பாய்வில் நிற்காது. கடைசியில் ஒரு கேள்விக்கு எத்தனை மைக்ரோஜூல் என்ற ஒற்றை எண்ணுக்கு வந்து சேருங்கள். பேட்டரியில் ஓடும் ரோபோவுக்கு வேகத்தைவிட அதுதான் வேண்டும்.

பெரிய அளவில் இதே தர்க்கம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மைக்ரோசாஃப்டின் கேட்டபல்ட் திட்டம் உதாரணம். 2014-இல் அவர்கள் வெளியிட்ட முடிவில் 1,632 சர்வர்களில் எஃப்பிஜிஏ பொருத்தி, பிங் தேடலின் தரவரிசைப் பகுதியில் சர்வர் ஒவ்வொன்றும் கையாளும் வேலையை 95 சதவீதம் கூட்டியிருந்தார்கள். நூறு மடங்கு இல்லை, இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவு. ஆனால் ஒப்பீடு உண்மையான வேலையில், உண்மையான மென்பொருளோடு நடந்தது.

படி 10: ஆய்வுக் கேள்வி எங்கே?

இதுவரை செய்தது நல்ல பயிற்சி. எஃப்சிசிஎம், எஃப்பிஎல் போன்ற மாநாடுகளுக்கு அனுப்ப இது போதாது. இங்கிருந்து ஒரு கேள்வி முளைக்க வேண்டும். ஒன்றைக் காட்டுகிறேன்.

தேடலுக்கு வந்த ஒரு கேள்விக்கு ஏற்கெனவே தூரம் 30-இல் நல்ல பொருத்தம் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அடுத்து வரும் சம்பந்தமில்லாத அடையாளத்தின் முதல் 64 பிட்டிலேயே சராசரியாக 32 வேறுபாடு வந்துவிடும்; முதல் 128 பிட்டில் 64. மீதியைப் படிக்க வேண்டியதே இல்லை. மென்பொருளில் இது ஒரு சின்ன இஃப். நம் வன்பொருளிலோ மூன்று தடைகள்.

பைப்லைன் தாமதம் மூன்று சுற்று, படிக்கும் தாமதம் ஒன்று, ஓர் அடையாளமே நான்கு சுற்று. நிறுத்தலாம் என்று தெரியவரும்போது மீதியும் படித்து முடிந்திருக்கும். இது முதல் தடை. அடுத்தது, எட்டுக் கேள்விகள் ஒரே ஓட்டத்தைப் பகிர்வதால் எட்டும் ஒப்புக்கொண்டால்தான் தாவ முடியும்; அதில் ஒன்றுக்குப் பொருத்தமே இல்லாவிட்டால் மற்ற ஏழும் அதற்காக இழுபட வேண்டும். மூன்றாவது தடை, முதலாவதைத் தீர்க்கப் போனால் வருகிறது. எல்லா அடையாளங்களின் முதல் 64 பிட்டை முதலில் படித்துவிட்டு, அப்புறம் இரண்டாம் பகுதிக்கு வரலாம். அப்போது தாமதம் பொருட்டில்லை. ஆனால் 4,096 பாதிக் கூட்டுத்தொகைகளைச் சேமிக்க வேண்டும். தொகை 8 பிட் என்றால் கேள்விக்கு 32,768 பிட். சிறு நினைவகத் தொகுதிகள் எல்லாம் சேர்ந்தாலும் 1,22,880 பிட்தான்.

மூன்று கேள்விகளுக்கு அடங்கும், எட்டுக்கு அடங்காது. மூன்று கேள்விகளோடு சீக்கிரம் நிறுத்துவதா, எட்டோடு முழுதும் ஓட்டுவதா? பொருத்தங்கள் அடிக்கடி கிடைக்கும் தரவில் ஒரு விடை வரும், அரிதாகக் கிடைக்கும் தரவில் வேறு விடை வரும். ரோபோ பழகிய அறையில் சுற்றும்போதும் புதிய தெருவில் போகும்போதும் எது வெல்கிறது, இரண்டு பிட்ஸ்ட்ரீம்களை வைத்துக்கொண்டு ஓடும்போதே மாற்றினால் மாற்றும் நேரம் கட்டுப்படியாகுமா என்று தாளை எடுத்து மறுபடியும் படி 3-இலிருந்து கணக்குப் போடத் தொடங்கலாம்.